வளைவில் ஒலித்த கம்பி

ஜூலை 5, சனி

இன்று மாலை சேலம் நாற்கம்பி வட்டத்தின் செயலாளராக நான் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். முன்மொழிந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் தேவசகாயம். அவர் என் பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. வேறு எவரும் போட்டியிடவில்லை. யுகுலேலே வாசிக்கத் தொடங்கி ஓராண்டே ஆன ஒருவருக்கு இது சிறிய பெருமையன்று.

வட்டம் கூடும் இடம் ஃபர்சானாவின் இயன்முறை மருத்துவ நிலையம். நோயாளிகளின் தளர்ந்த விரல்களுக்குப் பயிற்சியாகவே அவர் இந்தச் சிறிய நான்கு கம்பி வாத்தியத்தை அவர்கள் கையில் கொடுக்கத் தொடங்கினார். விரல்கள் குணமாயின, ஆட்கள் போகவில்லை. சனிக்கிழமை மாலைகளில் உடற்பயிற்சிப் பந்துகளை மூலைக்கு உருட்டிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம். பள்ளி ஆசிரியையான என் மனைவி செண்பகவல்லி தோள்பட்டை வலிக்காகச் சென்று யுகுலேலேயுடன் வீடு திரும்பினாள். அவளை அழைத்துவரச் சென்ற நான் வாசலில் காத்திருக்கும் நேரம் வீணாகிறதே என்று உள்ளே போய் அமர்ந்தேன். இன்று செயலாளர்.

முதல் மாதத்தில் நான் ஒரு பெரும் பிழையைக் கண்டுபிடித்ததை இங்கே குறிப்பிட வேண்டும். மேல் கம்பி தடிமனாக இருக்க வேண்டிய இடத்தில் மெலிந்த கம்பி கட்டியிருந்தது. என் வாத்தியத்தில் மட்டுமன்று, எல்லோருடையதிலும். கடைக்காரரைக் கண்டித்துக் கடிதம் எழுதினேன். யுகுலேலேயில் மேல் கம்பி உயர்ந்த சுரத்தில் ஒலிப்பதே மரபு என்று அவர் பணிவாகப் பதிலளித்தார். விதி வேறாக இருந்தது, விதியை ஏற்றேன்.

வட்டத்துக்கென்று எழுதப்படாத வழக்கங்கள் சில உண்டு. புதியவர் உள்வரிசையில் அமர்வார். மற்றவர் விரல்களைப் பார்த்துக் கற்பார். தவறியவர் நிறுத்தாமல், ஓடும் பேருந்தில் ஏறுவதுபோல அடுத்த அடியில் ஏறிக்கொள்வார். ஒருவர் பிழையை மற்றவர் சுட்டமாட்டார். கடைசி வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அதில் எப்படி உடன்பட முடியும்?

செப்டம்பர் இறுதியில் புதுச்சேரியில் யுகுலேலே வாசிப்போரின் கூடல் நடைபெறும். ஒவ்வோர் ஊர்க் குழுவுக்கும் மேடையில் ஒரு பாடல். சென்ற ஆண்டு நாங்கள் ஒன்றாகத் தொடங்கித் தனித்தனியாக முடித்தோம். கூட்டம் இரக்கப்பட்டுக் கைதட்டியது. ஃபர்சானா மேடைக்குப் பின்னால் போய் அழுதார். பலர் தாமதமாக வாசித்ததே காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே என் முதல் தீர்மானம்: தேர்வில் தேறியவரே மேடை ஏறலாம். ஏற்கப்பட்டது. தேர்வாளர் யார் என்றதும் ஃபர்சானா தயங்காமல், "வல்லி அக்காதான். அவங்க காதுக்கு இங்க யாரும் ஈடில்லை" என்றார்.

"நானா? வேண்டாம்ங்க. எனக்கு யார்கிட்டயும் இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை" என்றாள் வல்லி.

"பழகிக்கலாம்மா. அதான் வீட்டுலயே ஒரு ஆள் இருக்காரே" என்றார் தேவசகாயம்.

எங்கள் வீட்டில் இறுதி முடிவுகள் என்னுடையவை. பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக அமைந்த ஏற்பாடு. எனவே இப்பொறுப்பு அவளுக்குப் புதிது. வழியில் ஸ்கூட்டரில் அவளுக்குத் தைரியம் சொன்னேன்: "உறவு, வயது, பதவி எதையும் பார்க்கக் கூடாது. உன் முடிவே இறுதி." அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். கேட்டிருக்கும்.

ஜூலை 12, சனி

தேர்வு விதிகளைப் படித்துக் காட்டினேன். தேர்வாளர் எவருக்கும் தனிப்பயிற்சி தரலாகாது. முடிவை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும். தேறாதவருக்கு ஒரு மறுதேர்வு உண்டு.

"செயலாளரே, நாம புதுச்சேரிக்குப் போறோமா, டெல்லிக்கு கலெக்டர் வேலைக்குப் போறோமா?" என்றார் தேவசகாயம். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மேலே படித்தேன்.

பாடல் வல்லி இயற்றியது. இதை எழுதும்போது பேனா சற்று அழுத்தமாகவே ஓடுகிறது. ஏற்காட்டுக்கு மலையேறும் பேருந்தைப் பற்றிய பாடல். ஐந்து சரணங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொண்டை ஊசி வளைவு. வளைவு வந்ததும் எல்லோரும் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து ஒலியை அடக்க வேண்டும். முழு அமைதி. பேருந்து திரும்பியதும் மீண்டும் பாட்டு. அவள் அதைத் தனியே வாசித்துக் காட்டியபோது தேவசகாயம்கூட ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வளைவில் அவர் தம் காலை லேசாக ஊன்றினார், பிரேக் போடுவதுபோல.

ஜூலை 19, சனி

ஃபர்சானா எனக்கொரு தனிப்பொறுப்பு தந்தார். குழு வாசிக்கும்போது வாசலுக்கு வெளியே நின்று, ஒலி தெருவரை தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிப்பது. "உங்களை மாதிரி ஒருத்தராலதான் சார் அதைக் கரெக்டா சொல்ல முடியும்." பெரும்பகுதி நேரம் வெளியே நின்றேன். தெளிவாகக் கேட்டது. கடைசியாக ஒருமுறை உள்ளே வந்து வாசித்தேன். வளைவுகளில் எல்லோரும் தாமதிக்கிறார்கள், பதினொரு பேரும். இதை யாரிடமும் சொல்லவில்லை. வட்டத்தின் வழக்கத்தை மதித்தேன்.

ஜூலை 23, புதன்

மேல்தொட்டி மோட்டார் பழுது. துணைத்தேர்வு நுழைவுச் சீட்டுகளில் கையொப்பம். வல்லி சமையலறையில் அதே பாடலை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வளைவு வரும் இடங்களில் கரண்டியும் நின்றது.

ஆகஸ்ட் 2, சனி

தேர்வு நடைபெற்றது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஃபர்சானாவுடன் சேர்ந்து ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். முதலில் தேவசகாயம், கண்களை மூடியபடி. வல்லி, "வந்துடுச்சுண்ணா" என்றாள். பெரும்பாலோர் தேறினர். இருவரிடம், "இன்னும் கொஞ்சம் வரணும்" என்றாள். பழக்கமில்லாதவள் என்று சொல்ல முடியாதபடி நிதானமாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

செயலாளர் என்ற முறையில் நான் கடைசி. எங்கும் தடுமாறவில்லை. ஒரு சுரக்கூட்டும் பிசகவில்லை. வளைவுகளில் ஃபர்சானா பின்தங்கினார்; அதைப் பொருட்படுத்தாமல் வாசித்து முடித்து நிமிர்ந்தேன்.

வல்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலைங்க" என்றாள்.

"என்ன வரவில்லை?"

"நிக்க வேண்டிய இடத்துல நீங்க நிக்கலை. அஞ்சு வளைவுலயும் உங்க கம்பி மட்டும் கேட்டுச்சு."

பிறகு தேவசகாயம், "அம்மா, இவரு ஸ்கூட்டர்லதான திரும்பி வீட்டுக்குப் போகணும்?" என்றார்.

"ஆமா. அதுக்கு?" என்றாள் வல்லி.

யாரும் சிரிக்கவில்லை. முடிவு ஏற்கப்பட்டதாக அறிவித்து, கூட்டத்தை முடித்து, நாற்காலிகளை நானே அடுக்கினேன். வழியில் அவள் என் தோளைப் பிடிக்காமல் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்படிக் கையைப் பின்னால் வளைப்பது அவளது தோள்பட்டைக்கு நல்லதல்ல. சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாத்தியத்தைத் தொடவில்லை. கல்லூரியில் வேலை மிகுதி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொடவில்லை. இன்று வேலை அவ்வளவாக இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஃபர்சானா தொலைபேசியில் அழைத்தார். செயலாளருக்கு விதிவிலக்கு அளிக்கலாம் என்று எல்லோரும் கருதுகிறார்களாம். "நீங்க மேடையில எங்களோட நின்னாப் போதும் சார். வாசிக்கிற மாதிரி கையை மட்டும்..." என்று தொடங்கி, மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

விதியை எழுதியவனுக்கே விதிவிலக்கா? மறுத்தேன். பிறகு ஒன்று கேட்டேன்: நான் வளைவில் நிற்காதது எப்போதிலிருந்து அவர்களுக்குத் தெரியும்?

"முதல்ல இருந்தே தெரியும் சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"நம்ம வட்டத்துல யாரும் யாரோட தப்பையும் சொல்றதில்லையே."

வாசலில் நின்று ஒலியைச் சோதிக்கும் பொறுப்பு தொடருமா என்று கேட்டேன். "அது... இனிமே வேண்டாம் சார்" என்றார். அந்தப் பொறுப்பைப் பற்றி இனி எழுதத் தேவையில்லை.

மாலையில் ஓசூரிலிருந்து மகள் இளவெயினி. "என்னப்பா, எக்ஸாம் கண்ட்ரோலருக்கே அரியராமே!" என்று நெடுநேரம் சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "அம்மாகிட்டப் பேசுறீங்களா?" என்றாள்.

"பேசுகிறேன்."

"என்ன பேசினீங்க?"

மோட்டார் பழுது நீங்கியதையும் எரிவாயு உருளை பதிவு செய்ததையும் சொன்னேன்.

"அப்பா, அம்மா என்கிட்ட அழுதாங்க. பேசாம நீங்க பாஸுன்னே சொல்லியிருக்கலாமோன்னு கேக்குறாங்க."

அதன்பின் இணைப்பு சரியில்லை.

ஆகஸ்ட் 9, சனி

நான் புறப்பட்டு நின்றேன். வல்லி சேலைகூட மாற்றவில்லை.

"நான் வரலைங்க. டெஸ்ட்டை வேற யாராவது எடுக்கட்டும். பாட்டையும் ஃபர்சானாவே நடத்தட்டும். எனக்கு இதெல்லாம் எதுக்கு?"

"உன் தீர்ப்பு தவறா?"

யோசித்தாள். "இல்லை."

"அப்படியானால் கிளம்பு. நேரமாகிறது."

கிளம்பினாள். தேறாதவர்கள் பயிற்சியின்போது வாசிக்க விதியில் தடையில்லை. ஆயினும் நான் இன்று கேட்க மட்டும் செய்தேன். அவள் நடுவில் நின்று தலையசைத்தால் பத்துப் பேரின் கைகள் ஒரே கையாக அடங்குகின்றன. வகுப்பில் வேதியியல் நடத்தும்போதும் இப்படித்தான் நிற்பாளா? இத்தனை ஆண்டுகளில் நான் அவள் பள்ளிக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுதேர்வுக்கு விண்ணப்பித்துள்ளேன். தேர்வாளர் பயிற்சி தரலாகாது என்ற என் விதியின்படி வீட்டில் வாசிப்பதும் முறையாகாது, அவள் கேட்டுவிடுவாள். எனவே மதிய உணவு வேளையில், கல்லூரி வளாகத்தில், காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வாசிக்கிறேன். வியர்வையில் விரல்கள் வழுக்குகின்றன.

இன்று குழுவின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதனுடன் வாசித்து, இரண்டையும் சேர்த்துக் கைபேசியில் பதிவுசெய்து கேட்டேன். முதல் வளைவு. எல்லோரும் அடங்கியிருக்கையில், பேருந்து திரும்புமுன்பே ஒரு கம்பி மட்டும் ஒலிக்கிறது. கைபேசிப் பழுதாக இருக்கலாம் என்று கருதி மீண்டும் பதிவுசெய்தேன். மீண்டும் அதே கம்பி. பெரிய மனிதர்கள் பேசும் கூடத்தில் இருமிவிட்டவனைப் போல அது தனியே ஒலித்தது.

நான் எங்கும் தாமதமாகச் சென்றவனல்லன். ரயில் நிலையத்துக்கு முன்பே, திருமணங்களுக்கு முன்பே, என் மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கும் முன்பே. முன்பே வருவதும் பிழையாகும் இடம் ஒன்று உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மதிய உணவைச் சாப்பிடவில்லை. பாத்திரத்தைத் திறந்து பார்த்து வல்லி, "எலுமிச்சை சாதம் நல்லா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். நன்றாகத்தான் இருந்திருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வளைவின் அமைதி எத்தனை அடிகள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு சரணத்திலும் வேறுபடுகிறது. இதில் ஒழுங்கே இல்லை. மாவரைத்துக்கொண்டிருந்தவளிடம் செயலாளர் என்ற முறையில் கேட்டேன்.

"வளைவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?"

"பஸ் திரும்புற வரைக்கும்."

"அது எவ்வளவு?"

"அதைச் சொன்னா கோச்சிங் ஆயிடும்ங்க" என்று கிரைண்டரைப் போட்டுவிட்டாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கிரைண்டர் சத்தத்தில் நானும் சிரித்தது அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 27, புதன்

ஒலிப்பதிவில் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வளைவின் முடிவிலும், பாட்டு மீண்டும் எழுவதற்கு ஒரு நொடி முன்பாக, வல்லி மூச்சை உள்ளிழுப்பது கேட்கிறது. எல்லோரும் அந்த மூச்சுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். எண்ணுவதை நிறுத்தினேன். கல்லூரிக் காவலர் கண்ணாடியைத் தட்டி, "ஐயா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கீங்களே" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

மறுதேர்வு. மூவர் எழுந்தோம். முன்பு தேறாத மற்ற இருவரும் தேறினர். பிறகு நான். ஃபர்சானாவுக்குப் பதிலாக, வல்லியே உடன் வாசிக்கட்டும் என்று தேவசகாயம் சொன்னார். விதியில் தடையில்லை.

இத்தனை அருகில் அமர்ந்து நாங்கள் இதுவரை வாசித்ததில்லை. முதல் வளைவில் என் உள்ளங்கை கம்பிகள் மேல் இருந்தது, அவள் மூச்சு வந்தது, சேர்ந்தே புறப்பட்டோம். இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதும். நான்காம் வளைவில் என் விரல் மெலிந்த மேல் கம்பியில் பட்டுவிட்டது. மிகச் சிறிய ஒலி. பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிராது. ஐந்தாவது சரியாக அமைந்தது. முடித்தோம்.

"வந்துடுச்சுங்க. பாஸ்" என்றாள் வல்லி, உடனே, உரக்க.

கைதட்டல். ஃபர்சானா எழுந்தே நின்றுவிட்டார். தேவசகாயம் விரலை வாயில் வைத்து ரயில் விசில் அடித்தார். வல்லி மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

நான் கையை உயர்த்தினேன். "ஒரு முறையீடு."

"ஐயோ சார், பாஸானதுக்கு யாராவது அப்பீல் போவாங்களா?" என்றார் தேவசகாயம்.

"நான்காம் வளைவில் என் மேல் கம்பி ஒலித்தது. தேர்வாளர் கேட்கவில்லையா?"

அவள் நிமிர்ந்தாள். "கேட்டுச்சு."

"அப்படியானால்?"

"அது ரொம்பச் சின்னதுங்க. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு... காருக்குள்ள வேர்த்து விறுவிறுத்து... எனக்குத் தெரியாதா?"

"மற்ற இருவரும் அதே இடத்தில் ஒலி எழுப்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

அவள் தன் வாத்தியத்தின் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளலாம், அழலாம், எழுந்து போய்விடலாம். அந்தச் சில நொடிகளில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவள் அந்த 'பாஸ்' மேல் நின்றுவிட்டால், இனி அவள் சொல்லும் எந்தச் சொல்லையும் இவர்கள் முழுதாக நம்பமாட்டார்கள். முதலில் அவளே நம்பமாட்டாள்.

"வரலைங்க" என்றாள். இம்முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நன்றி" என்றேன்.

நாற்காலிகளை அடுக்க எல்லோரும் உதவினர். திரும்பும் வழியில் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் காபியை நீட்டியபடி வல்லி சொன்னாள்: "போன வருஷம் முழுக்க உங்க தப்பு உங்களுக்குக் கேட்டதே இல்லை. நேத்து யாருக்கும் கேக்காதது உங்களுக்குக் கேட்டுச்சு. கையைத் தூக்கினீங்க பாருங்க, அப்ப எனக்கு..." வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

சர்க்கரை போட மறந்திருந்தாள். கேட்காமல் குடித்தேன்.

செப்டம்பர் 13, சனி

மேடைக்கு மேலும் ஒரு பயிற்சி. நான் வேன், தங்குமிடம், உணவு ஆகியவற்றை ஏற்பாடு செய்தேன். மேடையில் நடுவில் யார் நிற்பது என்ற கேள்வி எழுந்தபோது வல்லி, "நான் நிக்குறேன்" என்றாள். எவரும் கேட்டுக்கொள்ளாமல்.

செப்டம்பர் 27, சனி. புதுச்சேரி

விடுதி அறையில் எழுதுகிறேன். வல்லியும் மற்றவர்களும் இன்னும் கடற்கரையில்தான் இருக்கிறார்கள். அவளைச் சுற்றி வேற்றூர்க்காரர்கள் நின்று அந்தப் பாடலைச் சொல்லித்தரச் சொல்கிறார்கள். எழுதிவைத்துவிட்டு நானும் போக வேண்டும்.

மேடைக்கு எதிரே மூன்றாம் வரிசையில் இடம் கிடைத்தது. எங்களுக்கு முந்தைய குழுவில் இருபது பேருக்கும் மேல், பெரிய ஆரவாரம். பிறகு எங்கள் குழு ஏறியது. வல்லி நடுவில், கத்தரிப்பூ நிறச் சேலையில். முதலில் சற்றே தலைகுனிந்து நின்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் மூச்சை இழுத்தாள். பதினொரு வாத்தியங்களும் புறப்பட்டன.

முதல் வளைவில் எல்லாக் கைகளும் கம்பிகள் மேல் படிந்தன. முழு அமைதி. கூட்டத்தில் ஒரு குழந்தை பேசிக்கொண்டிருந்தது, அதுவும் நிறுத்திற்று. கடலின் ஓசை மேடைவரை வந்தது. வல்லி அவசரப்படவில்லை. அத்தனை பேரையும், கடலையும் சேர்த்து, தனக்கு வேண்டிய அளவு நிறுத்திவைத்தாள். பிறகு பேருந்து திரும்பியது. கூட்டத்தில் யாரோ "ஆஹா" என்றார்கள்.

நான்காம் வளைவில் மடியிலிருந்த என் வாத்தியத்தின் கம்பிகளை நானும் உள்ளங்கையால் அடக்கியதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கம்பியும் ஒலிக்கவில்லை.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சென்ற ஆண்டைப் போன்ற கைதட்டல் அன்று இது. ஃபர்சானா மேடையிலேயே, எல்லோர் எதிரிலும் அழுதார். தேவசகாயம் தம் கைக்குட்டையை அவரிடம் நீட்டிவிட்டு, பிறகு அதைத் திரும்ப வாங்கித் தம் கண்களையும் துடைத்துக்கொண்டார். என் கண்ணிலும் கடற்காற்றில் மணல் விழுந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் காரைக்காலிலிருந்து வந்த ஒருவர், மடியில் யுகுலேலேயுடன் அமர்ந்திருந்தார். என் மடியில் இருந்த வாத்தியத்தைப் பார்த்து, "சார் எந்த ஊர்க் குழு?" என்று கேட்டார்.

"சேலம். இப்போது வாசித்தார்களே, அவர்கள்தான்."

"அடேயப்பா! அப்ப நீங்க ஏன் மேல போகலை?"

"தேர்வு வைத்தார்கள். நான் தேறவில்லை."

"யாரு சார் அவ்வளவு கறார்?"

"அதோ நடுவில் நிற்பவர். தேர்வாளர் அவரே, பாடலை இயற்றியவரும் அவரே. என் மனைவி, செண்பகவல்லி."

அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொந்தப் புருஷனையேவா ஃபெயில் பண்ணாங்க?"

"இருமுறை" என்றேன். தேவையைவிட உரக்கச் சொல்லிவிட்டேன் போலும்; முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர்.